ஓரத்தில் ஒரு கட்டை விரல்

பட டீச்சர் என்ற பெயரை அவளுக்கு வைத்தது பிள்ளைகள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிள்ளைகள் பாவம், அவர்கள் மேல் பழியைப் போடக் கூடாது. வைத்தது ஆசிரியர் அறை. கையில் டேப்லெட்டும் ஒயருமாக அவள் வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம், "என்ன மேடம், இன்னிக்கு என்ன படம்? டிக்கெட் கிடைக்குமா?" என்று யாராவது கேட்பார்கள். முதல் வருடம் சிரித்தாள். இரண்டாம் வருடம் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். இப்போது அதுவும் இல்லை. கழுத்து வலிக்கிறது, நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள்.

கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற மனுஷி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு டீயைப் போட்டுக் குடித்துவிட்டுப் போனை எடுத்தால், சோறு வேகிற வரைக்கும் படம் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அது என்ன படம் பொறுக்குவது என்று கேட்கிறீர்களா? இணையத்தில் ஒரு பலகை இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் காகிதத்தைக் குத்துகிற மாதிரி, அதில் படங்களையும் சின்னச் சின்ன வீடியோக்களையும் வரிசையாகக் குத்தி வைக்கலாம். பாடத்துக்கு ஒரு பலகை என்றால்கூடப் பரவாயில்லை. இவள் பாடத்துக்கு மூன்று வைத்திருந்தாள். ஒரே பாடம், மூன்று தினுசு. மளமளவென்று வாசிக்கிற பிள்ளைகளுக்கு எழுத்து நிறைய உள்ள ஒன்று. கொஞ்சம் திணறுகிறவர்களுக்குப் படமும் கீழே இரண்டு வரியுமாக ஒன்று. வரியைக் கண்டாலே மிரளுகிறவர்களுக்குப் படம் மட்டும், படத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை.

இதை அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. சில வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மணி வந்தார். "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி" என்று சொல்லிவிட்டு, ஏதோ புதையலைத் தோண்டிக் காட்டிய மாதிரி கொஞ்ச நேரம் நிறுத்தினார். இத்தனை வருடமாக ஒரு அறை நிறையப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவளுக்கு அது தெரியாதாக்கும்! தெரியாததெல்லாம், ஒவ்வொரு மாதிரியாகத் தயார் செய்ய நேரத்துக்கு எங்கே போவது என்பதுதான். அதை அம்மணி சொல்லவில்லை. மற்ற ஆசிரியர்கள் சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாளே மறந்துபோனார்கள். இவள் ஒருத்திதான் மெனக்கெட்டுப் போய் மாட்டிக்கொண்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிவிட்டு, கையெல்லாம் கிரீஸாக வந்து சோபாவில் விழுகிறவர். "நீ படம் தேடற நேரத்துக்கு நான் ஒரு சினிமாவே எடுத்து ரிலீஸ் பண்ணியிருப்பேன்," என்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள். கோபம் இல்லை, பதில் சொன்னால் எந்த இடத்தில் விட்டோம் என்பது மறந்துபோகும்.

மூன்று பலகைக்கும் பெயர் வைக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக் கூத்து. எது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, எது மந்தமான பிள்ளைகளுக்கு என்று யாருக்கும் தெரியக் கூடாது, மனசு புண்படக் கூடாது என்று முதலில் சூரியன், நிலா, நட்சத்திரம் என்று வைத்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், "டேய் நட்சத்திரம், இங்க வாடா," என்று ஒருத்தன் இன்னொருத்தனை மண்டையில் தட்டிக் கூப்பிட்டான். சரி, காய்கறிப் பெயராக வைப்போம் என்று கத்தரி, வெண்டை, பூசணி என்று மாற்றினாள். அன்று சாயங்காலமே பூசணி என்பது வசவாகிவிட்டது. கடைசியில் பெயரே வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். வீட்டு போனில் பலகையைத் திறந்து எவ்வளவு தூரம் விரலால் தள்ள வேண்டியிருக்கிறது என்பதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். பாடத்தில் காட்டாத மூளையை எல்லாம் இதில் காட்டினார்கள், படுபாவிப் பிள்ளைகள்.

அதில் ஒருத்தி மட்டும் பூசணி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். பட்டன் என்பது அவளுடைய பட்டப்பெயர். அப்பா தையல்கடை வைத்திருக்கிறார். அவளுடைய சட்டைப்பையில் எப்போதும் நாலு பட்டன் கிடக்கும், பாடம் நடக்கும்போது அதை உருட்டிக்கொண்டிருப்பாள். எழுத்தெல்லாம் தனித்தனியாகத் தெரியும். வரியாக வந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது என்று சொல்லுவாள். போன வருடம் அறிவியலில் தேறாமல் போய், மறுபடியும் இதே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் போனாலும் அதே வகுப்புதான்.

அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ரேடியோ. வாய் ஓயாது. புத்தகம், சுவரில் ஒட்டிய நோட்டீஸ், பிஸ்கட் கவர், எது கண்ணில் பட்டாலும் சத்தமாக வாசித்துவிடுவாள். மற்ற ஆசிரியர்களுக்கு அது தலைவலி. பட்டனுக்கு அதுதான் கண். ரேடியோ வாசிக்க வாசிக்க இவள் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, சின்னச் சின்னப் பதிலாக எழுதுகிற பாடங்களில் எல்லாம் முக்கி முனகித் தேறிவிடுவாள். அறிவியலில் பெரிய பதில்கள் உண்டு. அங்கேதான் சறுக்கல்.

கப்பி பாடம் வந்தது. இணையத்தில் கப்பிக்கு என்ன படம் வரும்? பாய்மரக் கப்பல், கோமாளிப் படம் மாதிரி ஒரு கிணறு, அதில் ஒரு வாளி. இந்தப் பிள்ளைகள் தண்ணீரைக் குழாயில் பிடிக்கிறவர்கள். கிணறும் தெரியாது, கப்பலும் தெரியாது. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது புருஷன் எட்டிப் பார்த்தார்.

"கப்பியா? நாள் முழுக்க அது மூஞ்சிலதானே நான் முழிக்கறேன். நாளைக்கு அனுப்பறேன், விடு."

மறுநாள் மதியம், ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் அறையிலிருந்து மூன்று படம் அனுப்பினார். பெரிய சக்கரமும் அதன் மேல் ஓடுகிற கம்பி வடங்களும் ஒன்று. வடத்தின் ஒரு முனையில் தொங்குகிற லிஃப்ட் பெட்டி ஒன்று. மறுமுனையில் தொங்குகிற எடைக்கட்டை ஒன்று. சக்கரத்தை எடுத்த படத்தில் ஓரமாக அவருடைய கட்டை விரலும் விழுந்திருந்தது, கிரீஸோடு, குண்டாக. அதை வெட்டி எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடம் அவளிடம் இல்லை. அப்படியே பலகையில் குத்திவிட்டு, கீழே 'கப்பி' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டாள்.

வகுப்பில் டி.வி.யில் போட்டதும் முதல் கேள்வியே, "டீச்சர், அது யாரு விரல்?" என்றுதான் வந்தது.

"எங்க வீட்டுக்காரர் விரல். விரலைப் பாக்காதீங்க, சக்கரத்தைப் பாருங்க."

சொன்னால் கேட்டுவிடுமா? வகுப்பே விரலைத்தான் பார்த்தது. ஆனால் பட்டன் சட்டைப்பையிலிருந்து இரண்டு பட்டனை எடுத்தாள், ஒரு நூலின் இரண்டு முனையிலும் கட்டினாள், பென்சிலின் மேல் தொங்கவிட்டாள். ஒன்றை இழுத்தால் மற்றது ஏறியது.

"டீச்சர், ஆளுங்க இருக்கற பெட்டி மேல போறப்ப, இந்தக் கட்டை கீழ வருது. பெட்டியோட கனத்தை அதுவே இழுத்துக்குது. அதனால மோட்டாருக்குப் பாதி வேலை மிச்சம். சரியா?"

பயிற்சி அம்மணி சொன்னதெல்லாம் உண்மைதான் போலிருக்கிறது என்று பட டீச்சர் நினைத்த ஒரே நாள் அதுதான். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அடுத்த பாடவேளைக்கு மணி அடித்ததால் அதையும் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

அந்த வாரமே பட்டனுடைய அப்பா வந்தார். தோளில் டேப்பைத் தொங்கவிட்டபடியே, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த ஆள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் சண்டை போட வரல. என் பொண்ணு பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்தா கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு சுத்தமா இருக்கும். புத்தகத்தைக் குடுத்தா அழறா. போன வருஷம் போச்சு. இந்த வருஷமும் அறிவியல்ல போச்சுன்னா, கடைக்கே கூட்டிட்டுப் போயிடறேன். இன்னொரு வருஷம் சின்னப் பிள்ளைங்களோட உக்கார வெச்சு அவளை அவமானப்படுத்த எனக்கு மனசு வரல."

"பாஸ் பண்ணிடுவா. நல்லாப் புரிஞ்சுக்கறா."

"புரியுது டீச்சர், அவளுக்குப் புரியும். நான் வெட்டறதைப் பாத்தே பாதித் தொழிலைக் கத்துக்கிட்டா. ஆனா பரீட்சையில எழுதணுமே."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாததுதான் கஷ்டமாக இருந்தது. பிடிவாதக்கார அப்பனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். இவரோ அவளைப் போலவே களைத்துப்போன மனுஷன். வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

அவர் கடைசியாகச் சொன்னது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. எழுதணுமே! பரீட்சைத் தாளில் படம் இருக்காது. அதனால் பட்டனை மூன்றாவது பலகையிலிருந்து எடுத்து இரண்டாவதில் போட்டாள். எழுத்துக்குப் பழகட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். படத்தைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த பிள்ளையிடமிருந்து படத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கை தூக்குவது நின்றது. பட்டனை உருட்டுவதுகூட நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை.

ரேடியோதான் வந்து போட்டு உடைத்தாள். "டீச்சர், அவ உங்க புது போர்டைத் திறக்கவே மாட்டேங்கறா. எங்க வீட்டு போன்ல அந்தப் பழைய கட்டை விரல் போர்டையேதான் திரும்பத் திரும்பப் பாக்கறா. எனக்கே அந்த விரல் கனவுல வருது."

பட டீச்சர் அன்றைக்கே பழைய பலகைக்கு அவளை மாற்றினாள். பரீட்சைக்கு இனி அதிக நாள் இல்லை. நடுவில் போன வாரங்கள் போனவைதான். தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வருடக் கடைசியில் ஒரு ஆசிரியையின் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். மதிப்பெண் பதிவு, வருகைப் பதிவு, பெற்றோர் கூட்டம், காணாமல் போன சார்ஜருக்கு விளக்கம். இத்தனைக்கும் நடுவில் மூன்று செக்‌ஷனுக்கும் சேர்த்து அறிவியல் கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. மூத்த ஆசிரியை அல்லவா, வேறு யார் தலையில் விழும்? அவள் என்ன செய்தாள் என்றால், எல்லா ஆசிரியர்களும் செய்வதைத்தான் செய்தாள். போன வருடத்துக் கேள்வித்தாளைத் திறந்து, தேதியை மாற்றி, கேள்விகளை மாற்றினாள். முதல் பக்கத்து அறிவுரைகளை அப்படியே விட்டாள். அதை யார் படிக்கிறார்கள்? கப்பியைப் பற்றிப் பெரிய கேள்வி ஒன்று வைத்தாள். பாரபட்சம்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லோருக்கும் நடத்திய பாடம், எல்லோருக்கும் உள்ள கேள்வி. அந்த அளவுக்குக்கூட மனசு சாயக் கூடாது என்றால் மனுஷியாக இருந்து என்ன பிரயோஜனம்?

பரீட்சை முடிந்து மூன்றாவது நாள். தாள்களை ஒரு செக்‌ஷன் ஆசிரியர் இன்னொரு செக்‌ஷனுக்கு மாற்றித் திருத்துவது அங்கே வழக்கம். பட டீச்சரின் வகுப்புத் தாள்கள் பக்கத்து செக்‌ஷன் புது மேடத்திடம் போயிருந்தன. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், எதையும் ரூல்படி செய்கிறவள். மதியம் அவள் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மேடம், இந்தப் பொண்ணு ஒத்தை வார்த்தைப் பதிலெல்லாம் எழுதியிருக்கு, பொருத்துகவும் சரியா இருக்கு. ஆனா பெரிய கேள்விக்கு ஒரு வரிகூட இல்ல. முழுப் பக்கமும் படம். அதுவும் ஓரத்துல ஏதோ உருளைக்கிழங்கு மாதிரி ஒண்ணு. ரூல்படி பூஜ்யம்தானே? பூஜ்யம் போட்டா பொண்ணு ஃபெயில். அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

பட டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள். சக்கரம் இருந்தது. வடம் இருந்தது. ஒரு பக்கம் பெட்டி, பெட்டிக்குள் ஆட்கள், பக்கத்தில் மேலே பார்த்த அம்பு. மறுபக்கம் எடைக்கட்டை, பக்கத்தில் கீழே பார்த்த அம்பு. இரண்டாவது தடவை அதையே வரைந்து, அம்புகளை மாற்றிப் போட்டிருந்தாள், லிஃப்ட் இறங்கும்போது என்ன ஆகும் என்று. சக்கரத்தின் கீழே 'கப்பி' என்று ஒரு வார்த்தை, ஒரு பிழை இல்லாமல். கேள்வியில் அந்த ஒரு வார்த்தையை உருவத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் குண்டாக ஒரு கட்டை விரல்.

"உருளைக்கிழங்கு இல்லம்மா," என்றாள். "அது எங்க வீட்டுக்காரர்."

புது மேடம் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"ஆமா, எந்த ரூல்னு சொன்னீங்க?"

புது மேடம் கேள்வித்தாளைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினாள். அறிவுரைகளில் கடைசி வரி. 'விளக்கம் எழுதாமல் படம் மட்டும் வரைந்தால் மதிப்பெண் வழங்கப்படாது.'

பட டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். அந்த வரி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வெகு காலத்துக்கு முன்னால், பலகையும் பயிற்சியும் வராத காலத்தில், பதில் தெரியாத பிள்ளைகள் பக்கத்தை நிரப்புவதற்குப் பூவும் தவளையுமாக வரைந்து வைத்ததைப் பார்த்துக் கடுப்பாகி அவளே சேர்த்த வரி. அன்றிலிருந்து வருடா வருடம் தேதி மாறியிருக்கிறது, கேள்வி மாறியிருக்கிறது, அந்த வரி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வருடம் முழுக்கப் படத்தால் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பரீட்சை அன்றைக்குப் படம் செல்லாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சே, இதைவிட ஒரு கேவலம் உண்டா!

நேராகத் தலைமை ஆசிரியரிடம் போனாள். எல்லோருக்கும் அவர் பெரிய சார். நல்லவர்தான், ஆனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் எந்தப் பிரச்சினையும் வாசலுக்கு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பவர்.

"ரூலை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"இப்ப வேண்டாம்னு சொல்றது?"

"அதுவும் நான்தான் சார்."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "ஒரு பொண்ணுக்காக ரூலை மாத்த முடியாதும்மா. மாத்தினா மூணு செக்‌ஷனுக்கும் மாத்தணும். படம் போட்டு பூஜ்யம் வாங்கின அத்தனை பேர் தாளையும் எடுத்து மறுபடி திருத்தணும். நாளைக்குக் காலைல மார்க் என் மேஜைக்கு வரணும். யாரு உக்காந்து திருத்தறது? யாரையாவது கேட்டீங்கன்னா உங்களை அடிக்க வருவாங்க."

"யாரையும் கேக்கல சார். நானே பாத்துடறேன்."

"உடம்பைப் பாத்துக்கங்கம்மா," என்றார் பெரிய சார். அதை அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே தாள் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் பட்டனுடைய தாள். கண்டிப்பாகவே திருத்தினாள். கட்டை விரலுக்கு மதிப்பெண் இல்லை. சக்கரத்துக்கு, வடத்துக்கு, பெட்டிக்கு, கட்டைக்கு, மாறிய அம்புக்கு உண்டு. நிலையான கப்பி விசையின் திசையை மாற்றுகிறது என்ற வாக்கியம் இல்லை, அதற்குக் குறைத்தாள். கூட்டினாள். பாஸ். நம்பிக்கை வராமல் மறுபடி கூட்டினாள். பாஸ்தான். பேனாவை வைத்துவிட்டு, யாரும் இல்லாத அறையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்துக்குப் புருஷன் வேலை முடிந்து நேராக அங்கேயே வந்தார், ஒரு பிளாஸ்க் டீயோடு. கோபித்துக்கொள்ளத்தான் வந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கட்டை விரலைத் தூக்கித் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நகம்கூட சரியா இருக்கே! பாஸா?"

"பாஸ்."

"என் விரலுக்கு எவ்வளவு போட்ட?"

"சும்மா இருங்க," என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அவர் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் அதே வகுப்பின் தாள் கட்டைப் புரட்டினார். லிஃப்ட் படம் எங்கேயாவது தப்பாக இருந்தால் தொழில்காரனாகச் சொல்லலாமே என்று. நாலு தாள் தள்ளியதும் கை நின்றது. "ஏம்மா, இது என்ன? அருமையா வரைஞ்சிருக்கான், கட்டையெல்லாம் சரியா இருக்கு. மேல குறுக்குக் கோடு போட்டு அடிச்சு வெச்சிருக்கானே? இதோ இன்னொண்ணு. இதுவும் அடிச்சிருக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். ஒன்றல்ல, இரண்டல்ல. அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் லிஃப்டை வரைந்திருந்தார்கள். வரைந்து முடித்துவிட்டு, ஸ்கேல் வைத்து அடித்திருந்தார்கள். சிலர் பக்கத்தில் அவசரமாக இரண்டு வரி கிறுக்கியிருந்தார்கள், சிலருக்கு அதற்கும் நேரம் இல்லை. மூன்றாவது பலகையிலிருந்து அவள் கையைப் பிடித்து இரண்டாவதுக்கு ஏற்றிவிட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அடித்த பதிலுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் மதிப்பெண் கிடையாது. அதை மாற்றச் சொல்லி இன்னொரு தடவை பெரிய சார் முன்னால் போய் நிற்கவும் முடியாது. யாரும் ஃபெயில் ஆகவில்லை, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் வாங்க வேண்டியதை வாங்கவில்லை. மிச்சத் தாள்களையும் திருத்தி முடித்துவிட்டு, புருஷனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

ரிசல்ட் ஒட்டிய அன்று பட்டனுடைய அப்பா வந்தார். மகளுடைய எண்ணை நோட்டீஸில் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அவளைக் கும்பிட்டார். "அடுத்த வகுப்புக்கு ரெண்டு செட் யூனிஃபார்ம் நானே தெச்சிடறேன் டீச்சர்," என்றார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். பட்டன் அவர் பின்னால் நின்று பையில் கையை விட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் டீச்சருக்குக் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு ரேடியோவைக் கூப்பிட்டாள். அவளுடைய தாளையும் பார்த்திருந்தாள். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை, அவளும் முதலில் லிஃப்டைத்தான் வரைந்திருந்தாள். அடித்துவிட்டுப் பாதிப் பதில் எழுதியிருந்தாள்.

"ஏண்டி, அவ்வளவு அழகா வரைஞ்சியே, எதுக்கு அடிச்ச?"

"முதல் பக்கத்துல போட்டிருந்துச்சே டீச்சர்! படம் மட்டும் இருந்தா மார்க் இல்லைன்னு. வரைஞ்சு முடிச்சப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் அடிச்சிட்டோம்." ரேடியோ மூச்சு விட்டாள். "பட்டனுக்குப் பரீட்சை நம்பர் வேற ரூம்ல வந்துடுச்சு. என் பக்கத்துல உக்காந்திருந்தா, அவளுக்கும் படிச்சுச் சொல்லியிருப்பேன்."

பட டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பட்டனும் அடித்திருப்பாள். இந்நேரம் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள்.

"அது நான் எழுதின வரிடா கண்ணு. தப்பா எழுதிட்டேன். எல்லாரும் என்னால அடிச்சிட்டீங்க."

"நீங்களா?" என்றாள் ரேடியோ. அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. அவள் பேச்சில்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் ஆசிரியர் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் கேள்வித்தாளைத் திறந்தாள். முதல் பக்கத்துக்குப் போய் அந்தக் கடைசி வரியை அழித்தாள். அழித்த இடத்தில் வேறு ஏதாவது எழுதலாமா என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கழுத்து வலித்தது. மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.